வால் நட்சத்திரமும் தட்சணையும்

வால் நட்சத்திரம் தோன்றினால் அரசன் மடிவான், பஞ்சம் வரும் என்று பயமுறுத்தி, சாந்தி செய்யச் சொல்லித் தட்சணை வாங்குவது நமது நாட்டிலே நெடுங்காலமாய் நடந்துவந்த வியாபாரம். மேல்நாட்டிலும் 1910-இல் ஹேலி வால் நட்சத்திரத்துக்குப் பயந்து மாத்திரை வாங்கித் தின்ற புத்திசாலிகள் உண்டு.

உண்மை என்ன? அது சுமார் 76 வருஷத்துக்கொரு முறை சூரியனைச் சுற்றிவரும் பனியும் தூசியும் கலந்த கட்டி. 1758-இல் திரும்புமென்று ஹேலி 1705-இலேயே எழுதினார். வியாழனும் சனியும் இழுப்பதால் பாதை மாறி, சுமார் 618 நாள் தாமதித்து, 1759 ஏப்ரல் மத்தியில் சூரியனை நெருங்குமென்று கிளேரோவும், லாலாண்டும், லெபோத் அம்மையாரும் கணக்கிட்டார்கள். ஒரு மாதம் முன்பின் ஆகலாமென்றும் முன்கூட்டியே சொன்னார்கள். மார்ச் 13-இல் நெருங்கியது. எந்த ஜோசியராவது தன் பிசகுக்கு இப்படி அளவு சொன்னதுண்டா?

திரும்பி வந்ததை 1758 டிசம்பரில் முதலில் கண்டவர் ஜெர்மனியில் ஒரு குடியானவர். கணக்கிட்டவர்களில் ஒருவர் பெண். பெண்ணையும் உழுகிறவனையும் படிக்கவொட்டாமல் தடுத்தவையல்லவா நமது சாஸ்திரங்கள்!

2061-இல் அது மறுபடி வரும். அன்று பெரம்பலூர் வெங்காயக் காட்டிலும், அரியலூர் சுண்ணாம்புக்கல் சுரங்கத்திலும் பாடுபடுவோரின் பேத்திகள் தூரதர்சினியோடு நிற்பார்களா, தட்சணையோடு நிற்பார்களா? இன்று அவர்கள் வீட்டுப் பெண்களுக்கு நாம் கணக்குச் சொல்லிக்கொடுப்பதைப் பொறுத்தது அது.