கேட்டவர் யார் என்பதா விடை?

அமெரிக்காவில் ஒரு பள்ளியில் துப்பாக்கிச் சூடு நிகழும்போதெல்லாம் பிற நாட்டார் அந்நாட்டின் துப்பாக்கிச் சட்டங்களைக் குறை கூறுகின்றனர். அதற்கு அங்கிருந்து எழும் மறுமொழியைக் கவனித்திருக்கிறீர்களா, ஆசிரியப் பெருமக்களே, பெற்றோர்களே? "எங்களைக் கேட்க நீ யார்?" என்பதே பல வேளைகளில் அதன் சாரம்.

2012 டிசம்பர் 14இல் சாண்டி ஹூக் தொடக்கப்பள்ளியில் 20 பிள்ளைகளும் 6 பணியாளர்களும் கொல்லப்பட்டனர். துப்பாக்கிச் சட்டங்களைத் தொலைக்காட்சியில் சாடிய ஆங்கிலேயர் பியர்ஸ் மோர்கனை நாடு கடத்தக் கோரும் மனுவில் ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்டோர் கையொப்பமிட்டனர். ஆயுத உரிமை கூறும் இரண்டாம் திருத்தத்தைக் காக்கப் புறப்பட்டோர், பேச்சுரிமை காக்கும் முதல் திருத்தத்தை மறந்தனர்!

2018இல் அதிபர் டிரம்ப், லண்டன் மருத்துவமனை ஒன்று கத்திக்குத்துக் காயங்களால் போர்க்களம் போலிருப்பதாகப் பேசினார். வீட்டுப்பாடம் எங்கே என்று கேட்டால், "அவனும் செய்யவில்லை" என்று அடுத்தவனைச் சுட்டும் மாணவனை நாம் ஏற்போமா?

2022 மே மாதம் யுவால்டி பள்ளியில் 19 பிள்ளைகளும் 2 ஆசிரியைகளும் மாண்டனர். "இஃது அமெரிக்காவில் மட்டும் ஏன்?" என்று பிரிட்டிஷ் செய்தியாளர் கேட்டார். செனட்டர் டெட் குரூஸ் தம் நாட்டின் பெருமையைப் பேசினாரேயன்றி விடை கூறவில்லை.

வெளியார் பேசலாகாது என்பது அறமாயின், அஃது எல்லார்க்கும் பொருந்த வேண்டும். 1994இல் கார்களைச் சேதப்படுத்திய அமெரிக்க இளைஞனுக்குச் சிங்கப்பூர் நீதிமன்றம் ஆறு பிரம்படி விதித்தபோது, அதிபர் கிளிண்டனே தலையிட்டார். தண்டனை நான்கு அடியாகக் குறைந்தது. பிற நாடுகளின் மனித உரிமை குறித்து ஆண்டுதோறும் அறிக்கை வெளியிடுவதும் அமெரிக்காவே.

தம் சட்டத்தைத் தாமே முடிவு செய்வது அமெரிக்கரின் உரிமை, மறுக்கவில்லை. கடுஞ்சட்டம் வேண்டுவோர் அவர்களுள்ளும் பலர். ஆயினும், குறை கூறும் நாடுகள் வெறும் வாயாடிகள் அல்ல. 1996இல் டன்பிளேன் பள்ளியில் 16 பிள்ளைகளையும் ஓர் ஆசிரியையையும் பறிகொடுத்த பிரிட்டன், மறு ஆண்டே கைத்துப்பாக்கிகளைத் தடை செய்தது. அதே 1996இல் போர்ட் ஆர்தரில் 35 உயிர்களை இழந்த ஆஸ்திரேலியா, ஏறத்தாழ ஆறரை இலட்சம் துப்பாக்கிகளை மக்களிடமிருந்து விலை கொடுத்து வாங்கி அழித்தது. பிள்ளைகளைப் புதைத்தவர்கள் பேசுகின்றனர், கேட்பதில் இழிவென்ன?

இடித்துரைப்போரைத் துணையாகக் கொள்ளுமாறு வள்ளுவர் அரசர்க்கு அறிவுறுத்தினார். கேட்டவர் அயலார் என்பது கேள்விக்கு விடையாகாது. நம் பிள்ளைகளுக்கும் இதனைக் கற்பிப்போம்.