ஆள் பஞ்சமா, சம்பளப் பஞ்சமா?

'டிரைவர் கிடைக்கலை சார்!'

நாமக்கல்லிலோ சங்ககிரியிலோ லாரி உரிமையாளர்களிடம் பேச்சுக் கொடுத்தால் முதலில் வந்து விழுகிற வாக்கியம் இதுதான். கடனில் எடுத்த வண்டி ஷெட்டில் நிற்கிறது; மாதத் தவணை மட்டும் நிற்காமல் ஓடுகிறது என்று புலம்புவார்கள். 'இந்தக் காலத்துப் பசங்களுக்குக் கஷ்டப்பட வணங்கலை' என்பது புலம்பலின் அடுத்த வரி.

முதல் வரி உண்மை. இரண்டாவது வரி அபாண்டம்.

கஷ்டப்பட வணங்காத அதே பசங்கள்தான் கடன் வாங்கி விசா எடுத்து, சௌதிக்கும் கத்தாருக்கும் போய், ஐம்பது டிகிரியை நெருங்கும் வெயிலில் டிரெய்லர் ஓட்டுகிறார்கள். சென்னையில் கொட்டும் மழையில் பைக்கில் பிரியாணி கொண்டுவந்து கொடுக்கிறார்கள். ஓட்டுவதில் அவர்களுக்குப் பிரச்னை இல்லை. நம் ஊர் லாரியை, நம் ஊர் சம்பளத்துக்கு, நம் ஊர் நிபந்தனைகளோடு ஓட்டுவதில்தான் பிரச்னை.

நாட்டில் 22 லட்சம் டிரைவர்கள் தேவைப்படுகிறார்கள் என்று மத்திய அரசே 2019-ல் சொன்னது. ஒரு வேலைக்கு ஆள் வரவில்லை என்றால் என்ன செய்ய வேண்டும்? சம்பளத்தைக் கூட்டலாம். நன்றாகச் சொல்லிக் கொடுக்கலாம். வேலையின் கொடுமையைக் குறைக்கலாம். அரசு என்ன செய்தது? நேஷனல் பர்மிட் லாரிக்கு இரண்டு டிரைவர்கள் கட்டாயம் என்றிருந்த விதியை 2018-ல் ஒரே டிரைவர் போதும் என்று மாற்றியது. அதே வருடம் லாரியில் ஏற்றக்கூடிய எடையைக் கூட்டியது. 2019-ல் எட்டாம் வகுப்பு படித்திருக்க வேண்டும் என்ற தகுதியை நீக்கியது. கடைசியாகச் சொன்னது தவறில்லை. படிக்க வாய்ப்பில்லாதவனுக்கும் பிழைக்க வழி வேண்டும். ஆனால் மூன்றையும் சேர்த்துப் பாருங்கள். பாரம் கூடியது, ஆள் பாதியானது, வாசல் அகலமானது. உள்ளே வருகிறவனுக்கு என்ன கொடுப்பது என்ற கேள்வியை மட்டும் யாரும் தொடவில்லை.

புதிதாக வரும் ஒருவனின் பாதையைப் பார்ப்போம். முதலில் கார் லைசென்ஸ் எடுத்து ஒரு வருடம் ஆகியிருக்க வேண்டும். இருபது வயது நிரம்பியிருக்க வேண்டும். பிறகு டிரைவிங் ஸ்கூலில் கைக்காசைக் கட்டி, ஹெவி வண்டிக்குப் பயிற்சி. மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி அந்தப் பயிற்சி குறைந்தது 30 நாள். அதில் ஸ்டியரிங்கைப் பிடித்து நிஜமாக ஓட்ட வேண்டியது குறைந்தது 15 மணி நேரம். அதை முழுதாக ஓட்டினான் என்றே வைத்துக்கொள்வோம். காலி வண்டியில், பகலில், ஊருக்கு வெளியே ஓட்டிய பதினைந்து மணி நேரம் அது. அதை நம்பி, முப்பது டன் சிமென்ட்டோடு இரவில் தொப்பூர் கணவாயில் அவனை இறங்கச் சொல்ல முடியுமா?

முடியாது என்று உரிமையாளருக்கும் தெரியும். அதனால் 'அனுபவம் இருக்கா?' என்று கேட்கிறார். வண்டி கொடுத்தால்தான் அனுபவம் வரும்; அனுபவம் இருந்தால்தான் வண்டி கொடுப்பார்கள்!

முன்பு இந்தச் சிக்கலை அவிழ்க்க ஒருவன் இருந்தான். கிளீனர். டயரைத் தட்டிப் பார்த்து, தார்ப்பாய் கட்டி, ரிவர்ஸில் 'வா... வா...' சொல்லி, நள்ளிரவில் டிரைவர் கண் அசராமல் பேச்சுக் கொடுத்து, வருடக்கணக்கில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து தொழில் கற்றான். அந்த முறையைக் கொண்டாட நான் வரவில்லை. கூலி என்ற பெயரில் சாப்பாடும் சில்லறையும், திட்டும் அடியும்தான் பல பேருக்குக் கிடைத்தது. பள்ளிக்கூடம் போக வேண்டிய பையன்களெல்லாம் கிளீனராக இருந்தார்கள். ஆனாலும் இந்த நாட்டில் லாரி டிரைவரை உருவாக்கிய ஒரே பள்ளிக்கூடம் அந்த பக்கத்து சீட்டுதான். செலவைக் குறைக்கிறேன் என்று அதை மூடியவர்கள், பதிலுக்கு வேறொன்றைத் திறக்கவில்லை. நாற்றங்காலை அழித்துவிட்டு, நடுவதற்கு நாற்று இல்லையே என்று வரப்பில் உட்கார்ந்து அழுவது எந்த ஊர் விவசாயம்?

சரி, எப்படியோ வண்டி கிடைத்துவிட்டது. சம்பளம்? பல இடங்களில் மாதச் சம்பளமே கிடையாது. நடைக்கு இவ்வளவு, அல்லது வாடகையில் இத்தனை சதவீதம், கூடவே பேட்டா. சக்கரம் சுற்றினால்தான் காசு. லோடு இறக்க குடோன் வாசலில் இரண்டு நாள் காத்துக் கிடந்தால் அது அவன் தலைவிதி. மைலேஜ் குறைந்தாலோ சரக்கில் மூட்டை குறைந்தாலோ கணக்கு அவன் பெயரில். பி.எஃப்., இ.எஸ்.ஐ. பற்றிக் கேட்டால் சிரிப்பார்கள். சேவ்லைஃப் அறக்கட்டளை 2020-ல் பத்து நகரங்களில் லாரி டிரைவர்களிடம் ஆய்வு நடத்தியது. சராசரியாக அவர்கள் ஒரு நாளில் ஓட்டுவது கிட்டத்தட்ட 12 மணி நேரம். களைப்பாக இருந்தாலும் ஓட்டுவதாக ஒப்புக்கொண்டவர்கள் ஏறக்குறைய பாதிப் பேர். தங்கள் குடும்பத்தில் ஒருவரை இந்தத் தொழிலுக்கு வரச் சொல்ல மாட்டோம் என்றவர்கள் 84 சதவீதம். அந்தப் பசங்க ஏன் வரலை என்று கேட்பவர்கள், முதலில் அப்பாக்களைக் கேட்க வேண்டும்.

உட்கார்ந்து ஓட்டுகிற வேலைதானே என்பார்கள். காலுக்குப் பக்கத்தில் கொதிக்கும் இன்ஜின். ஆளைத் தூக்கிப் போடும் சீட். ஒதுங்க இடமில்லாததால் தண்ணீர் குடிக்காமல் அடக்கி அடக்கி வரும் நீர்க்கடுப்பு. கிளீனர் இல்லாததால் லோடு மேல் ஏறித் தார்ப்பாய் இழுப்பதும், ஏறக்குறைய நூறு கிலோ எடையுள்ள ஸ்டெப்னியை உருட்டி மாட்டுவதும் டிரைவரேதான். 2025 முதல் தயாராகும் புது லாரிகளில் டிரைவர் கேபினுக்கு ஏ.சி. கட்டாயம் என்று விதி வந்திருக்கிறது. நல்லது. ஆனால் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் லட்சக்கணக்கான லாரிகளின் சூடு அதனால் தணியாது. ஏ.சி.யைப் போட்டால் டீசல் கூடுமே, அதை யார் கணக்கில் எழுதுவார்கள் என்றும் தெரிய வேண்டும்.

சட்டமே இல்லையா? இருந்தது. 1961-ம் வருட மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், நாளுக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று சொன்னது. ஐந்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்களுக்கென்று வந்த சட்டம் அது. இங்கே பெரும்பாலான உரிமையாளர்களிடம் இருப்பது ஒன்றோ இரண்டோ வண்டிதான். மோட்டார் வாகனச் சட்டத்தின் 91-வது பிரிவு, அந்த நேரக் கணக்கே சரக்கு, பயணிகள் வாகன டிரைவர்கள் எல்லோருக்கும் என்றது. ஆனால் நெடுஞ்சாலையில் லாரியை மறிப்பவர்கள் ஆர்.சி. கேட்பார்கள், பர்மிட் கேட்பார்கள், 'வேறு' எதையாவதும் கேட்பார்கள். 'கடைசியா எப்பப்பா தூங்கினே?' என்று கேட்க மாட்டார்கள். 2025 நவம்பர் 21-ல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு இந்த 1961 சட்டத்தை விழுங்கியது. புதிய தொகுப்பில் போக்குவரத்து நிறுவனத்துக்கான வரம்பு பத்துப் பேர். ஐந்தே எட்டாக்கனியாக இருந்தது, இப்போது பத்து!

டிரைவர் எத்தனை மணி நேரம் ஓட்டினார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்காதீர்கள். ஐரோப்பாவில் லாரிக்குள்ளேயே ஒரு கருவி அதைப் பதிவு செய்கிறது. நாலரை மணி நேரம் ஓட்டினால் முக்கால் மணி நேர ஓய்வு கட்டாயம். இங்கே அந்தக் கருவிகூட வேண்டாம். ஃபாஸ்டேக் 2021 முதல் கட்டாயம். எந்த லாரி எந்த சுங்கச்சாவடியை எந்த நிமிடம் தாண்டியது என்று கணினிக்குத் தெரியும். ஜி.எஸ்.டி. இ-வே பில் 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்று சரக்குக்குக் கெடு வைக்கிறது. வரிக்காகச் சரக்கின் நேரத்தைக் கணக்குப் பார்க்கத் தெரிந்த அரசுக்கு, சரக்கை ஓட்டி வரும் மனிதனின் தூக்கத்தைக் கணக்குப் பார்க்கத் தெரியாதா?

'வாடகையே கட்டுப்படியாகலை, நான் எங்கிருந்து சம்பளம் கொடுப்பேன்?' என்று உரிமையாளர் கேட்பது நியாயம்தான். ஒரு வண்டி வைத்திருப்பவர் பல நேரங்களில் டிரைவரைவிடப் பெரிய கடனாளி. வாடகையை அடித்து இறக்குவது சரக்கை அனுப்பும் பெரிய கம்பெனிகள். அந்தக் கம்பெனிகளின் விளம்பரத்தில் 'இலவச டெலிவரி, நாளைக்கே டெலிவரி' என்று பார்த்ததும் பட்டனை அழுத்துவது நாம். அந்த இலவசத்தை யாரோ ஒருவர் தூங்காமல் விழித்துச் செலுத்திக்கொண்டிருக்கிறார்.

செய்ய வேண்டியது மூன்று. ஒன்று, பயிற்சிக் காலத்துக்கு உதவித்தொகை. தொழில் பழகுநர் சட்டமும் அதே 1961-ல் வந்ததுதான். ஃபிட்டருக்கும் டர்னருக்கும் உதவித்தொகை கொடுத்துத் தொழில் கற்றுக்கொடுக்கும் நாடு, லாரி டிரைவரையும் அதேபோல் ஒரு வருடம் மூத்த டிரைவரின் பக்கத்து சீட்டில் உட்கார வைக்கட்டும். பதினெட்டு வயது நிரம்பியவனாக, கையில் காசோடு. இரண்டு, நடைக்கணக்குக்கு அடியில் ஒரு மாதச் சம்பளம். காத்திருக்கும் நாளுக்கும் கூலி, அதைச் சரக்குக்காரரே கொடுக்க வேண்டும். மூன்று, நீண்ட தூர லாரிக்கு மறுபடி இரண்டு டிரைவர்.

செலவாகும். அந்தச் செலவு சிமென்ட் மூட்டையிலும் முட்டையிலும் சில காசுகளாக நம் தலையில் விழும். விழட்டும். காரில் குடும்பத்தோடு ஊருக்குப் போகும்போது, எதிரே வருகிற லாரியின் டிரைவர் நேற்றிரவு தூங்கியவராக இருப்பதற்கு அந்தச் சில காசு அதிகமா?