உணர்வில்லாத கால் நோகுமா?



ஷெல் துண்டு பட்டோ, பனையால் விழுந்தோ, இங்கு வீதி விபத்திலோ முள்ளந்தண்டு அடிபட்டவர்கள் எம்மிடையே இருக்கிறார்கள். காலைக் கிள்ளினால் அவர்களுக்குத் தெரியாது. ஆனால் இரவில் அதே கால் தீயாய் எரிகிறது என்பார்கள். "உணர்வே இல்லாத கால் எப்படி நோகும்? எல்லாம் மனப்பிரமை" என்று வீட்டார் நாம் சொல்லிவிடுகிறோம். பிறகு அவர் வாய் திறப்பதேயில்லை.

இது மனப்பிரமை அல்ல. முள்ளந்தண்டுக்குள் ஓடும் முண்ணாண் காயப்பட்டால், காலிலிருந்து வரும் சரியான செய்தி மூளைக்குப் போகாது. ஆனால் காயப்பட்ட நரம்புகள் தாமாகவே பிழையான செய்திகளை அனுப்பும். மூளை அவற்றைக் காலின் நோவாகவே எடுத்துக்கொள்ளும்.

மொன்றியலில் பிறந்து, இங்குள்ள மக்கில் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தவர் றொனால்ட் மெல்சாக் (1929-2019). 1950களில், கால் வெட்டியகற்றப்பட்ட மூதாட்டி ஒருவர் இல்லாத காலின் நோவை விதம்விதமான சொற்களில் சொல்லக் கேட்டு, அவற்றைக் குறித்து வைக்கத் தொடங்கினார். 1975இல் அவர் வெளியிட்ட மக்கில் நோவு வினாக்கொத்தில் 78 சொற்கள் உள்ளன. நோயாளி சொல்லும் சொல்லே வைத்தியருக்கு வழிகாட்டி என்பதே அதன் அடிப்படை.

எம்மிடமும் சொற்கள் உண்டு: எரிவு, குத்து, உளைவு, கடுப்பு, விறைப்பு. ஆனால் பிள்ளைகள் மொழிபெயர்க்கும்போது எல்லாம் "நோகுதாம்" என்ற ஒரே சொல்லாகிவிடும். எரிவு, ஊசி குத்துவது, கரண்ட் அடிப்பது போன்றவை பெரும்பாலும் நரம்பு நோவைக் காட்டும். சக்கர நாற்காலி தள்ளித் தோள் உளைவது தசை நோவு. இரண்டுக்கும் மருந்து வேறு. ஆகவே எங்கே, எப்போது, எப்படி நோகிறது என்று தமிழில் எழுதி வையுங்கள். வைத்தியரிடம் நேரம் எடுக்கும்போதே மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள்.

சாதாரண நோக்குளிசைகள் நரம்பு நோவுக்கு அதிகம் உதவா. கபபென்டின், பிரிகபலின், அமிட்ரிப்டிலின் போன்றவற்றை வைத்தியர் குறைந்த அளவில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டுவார். பலன் தெரியச் சில வாரங்கள் ஆகலாம். நோவு முற்றாகப் போகாவிட்டாலும், நித்திரை கொள்ளும் அளவுக்குக் குறைந்தால் அதுவே பெரிய ஆறுதல். தலைச்சுற்று, தூக்கம் இருந்தால் வைத்தியரிடம் சொல்லுங்கள், திடீரென நிறுத்தாதீர்கள். அடுத்த வீட்டாரின் குளிசையையும் வாங்கிப் போடாதீர்கள்.

உணர்வில்லாத இடத்தில் சுடுதண்ணி ஒத்தடம் வேண்டாம். குளிர்காலத்தில் காலை ஹீற்றருக்கு அருகே வைக்கவும் வேண்டாம். தோல் வெந்தாலும் அவருக்குத் தெரியாது.

வழமையான நோவு திடீரெனக் கூடினால், சலக்கிருமி, மலச்சிக்கல், படுக்கைப்புண் காரணமாயிருக்கலாம். 811க்கு அழைத்தால் தாதி ஒருவருடன் பேசலாம். நடுநெஞ்சுக்கு மேல் முண்ணாண் அடிபட்டவருக்குத் தலை வெடிப்பதுபோல் இடித்து முகம் வியர்த்தால், உடனே நிமிர்த்தி இருத்தி, சலக்குழாய் மடிந்திருக்கிறதா என்று பார்த்து, 911ஐ அழையுங்கள்.

எல்லாவற்றுக்கும் முதல், "நோகுது" என்று அவர் சொன்னால் நம்புவோம். "எப்படி நோகுது?" என்று கேட்போம்.