ஜன்னல் வழியா சர்ச்சுக்குள்ள!

போன வாரம் ஹைட்ராலிக்ஸ் இன்டர்னல். 'சரிவக வடிவக் கால்வாய், அடி அகலம் 3 மீட்டர், சாய்வு இவ்வளவு... வேகம் என்ன?' மேனிங் ஃபார்முலாவுல போட்டு, கால்குலேட்டரைத் தட்டினா 8 மார்க். அந்தக் கணக்குல ஆத்தோட தரை அசையவே அசையாது. நிஜத்துல?

பிலிப்பைன்ஸ் பக்கம் வாங்க. 1991 ஜூன் 15. பினட்டூபோ எரிமலை வெடிச்சு, சுத்தியிருந்த பள்ளத்தாக்குகள்ல 5 கன கிலோமீட்டருக்கும் மேல சூடான சாம்பலையும் கல்லையும் கொட்டிட்டு ஓய்ஞ்சது. ஆறுகளுக்கு அப்பதான் ஆட்டமே ஆரம்பம்!

மலைச்சரிவுல தண்ணியை உறிஞ்ச மரம் மட்டை கிடையாது. மழை பெய்தா மொத்தமும் சாம்பலை அள்ளிக்கிட்டு, கரைச்ச சிமென்ட் மாதிரி இறங்கும். பேரு 'லஹார்' (ஜாவாக்காரங்க வெச்ச பேர்). மேலே செங்குத்தா மண்ணை அறுக்கிற ஆறு, சமவெளியில சாய்வு குறைஞ்சதும் சுமையை இறக்கி வைக்கும். படுகை உசந்துக்கிட்டே போய், ஒரு கட்டத்துல பக்கத்து வயலைவிட ஆறு மேலே நிக்கும். அப்புறமென்ன, கரையை உடைச்சுக்கிட்டு புது ரூட்!

இதைவிடக் கொடுமை, 1993 அக்டோபர்ல நடந்தது. ரெண்டு வருஷமாகியும் சூடு ஆறாத படிவுல தண்ணி பட்டு வெடிக்க, சகோபியா ஆத்தோட தலைப்பகுதியையே பக்கத்துல இருந்த பாசிக்-பொத்ரெரோ ஆறு பறிச்சுக்கிச்சு. ஆத்தையே திருடுற ஆறு! 'இப்படி ஆச்சுன்னா அடி அகலத்துக்கு என்ன சார் போடணும்?'னு க்ளாஸ்ல கேட்டேன். 'சிலபஸ்ல இல்லை, உக்காரு'ன்னுட்டார்.

சிரிச்சுட்டு உக்கார்ந்துட்டேன். ஆனா, அந்தத் திருட்டுக்கு விலை கொடுத்தது பகோலோர் ஊர் ஜனங்க. எரிமலையில இருந்து 35 கிலோமீட்டர் தள்ளி இருக்கிற ஊர். 1995 அக்டோபர் 1, புயல் மழை. பாசிக்-பொத்ரெரோ வழியா வந்த லஹார், கபலந்தியன் கிராமத்தைக் கூரை வரைக்கும் மூடிடுச்சு. நூத்துக்கணக்கானவங்க உயிரோட புதைஞ்சாங்க. எரிமலை வெடிச்சு நாலு வருஷம் கழிச்சு!

ஊர்ல இருக்கிற சான் கியர்மோ சர்ச் 12 மீட்டர் உசரம். அதுல பாதி மண்ணுக்குள்ள போயிடுச்சு. ஜனங்க ஊரை விட்டுடலை. புதைஞ்ச பலிபீடத்தைத் தோண்டி எடுத்து, புதுத் தரைமட்டத்துக்கு உசத்தி நிறுத்தினாங்க. அந்தக் காலத்து ஜன்னல்கள்தான் இப்போ வாசல். அதுவழியாதான் பூசைக்கு வர்றாங்க. பழைய வாசல் கீழே, 6 மீட்டர் ஆழத்துல இருக்கு.