கொல்லைப்புறத்துக் குடிகள்

அடைக்கலம் என்னும் சொல் தமிழருக்குப் புதியதன்று. பசித்து வந்தவனுக்குச் சோறும், மழைக்கு ஒதுங்கியவனுக்கு இடமும் கொடுத்துப் பழகிய குடி நம்முடையது. வறுமை மிகுந்திருந்த நாளிலும் நம் தோட்டத்து லயங்களில் அவ்வழக்கம் குன்றியதில்லை. ஆயினும், வீட்டின் பின்கதவைத் திறந்தால் தெரிகின்ற அந்தச் சிறு நிலத்திற்கு வந்து சேரும் உயிர்களிடம் மட்டும் நாம் வேறு முகம் காட்டுகிறோம். குருவி அமர்ந்தால் கல். தேரை வந்தால் துடைப்பம். உடும்பு தென்பட்டால் தடி. இரவில் கூகை அலறிவிட்டாலோ, மறுநாள் காலை லயமே கூடிப் பேசுகிறது.

பெற்றோர்க்கும், தோட்டப் பாட்டாளிப் பெருமக்களுக்கும், மாணவச் செல்வங்களுக்கும் இம்மலரின் வழியாக நாம் சொல்ல விழைவது இது: கொல்லைப்புறத்தின் ஒரு மூலையை அவற்றுக்கென விட்டுவிட வேண்டும். இரக்கம் ஒன்றையே கருதி இதனைச் சொல்லவில்லை. நம் நலனும் அதில் அடங்கியிருக்கிறது.

கூகையிலிருந்தே தொடங்குவோம், வழக்கு அதன்மேல்தான் பெரிதாக இருக்கிறது. இவ்வாண்டின் தொடக்கத்தில், லயத்தின் கோடியில் ஆளில்லாது கிடக்கும் வீட்டின் கூரையில் ஓர் இணைக் கூகைகள் வந்து தங்கின. அவற்றை விரட்டிவிட வேண்டுமெனப் பெற்றோர் சிலர் பள்ளிக்கே வந்து நம்மிடம் முறையிட்டனர். கூகை கத்தினால் சாவு விழும் என்பது அவர்தம் அச்சம். மலாய் மக்களும் ஆந்தை இனத்தைப் ‘புருங் ஹந்து’, அதாவது பேய்ப்பறவை என்றே அழைக்கின்றனர். ஆகவே இந்த அச்சம் நமக்கு மட்டும் உரியதன்று.

ஆனால் சற்றே எண்ணிப் பார்க்க வேண்டும். நோயாளி படுத்திருக்கும் வீட்டில் இரவு முழுவதும் விளக்கு எரிகிறது. உறவினர் கண் விழித்திருக்கின்றனர். கூகை எல்லா இரவுகளிலும்தான் கத்துகிறது. உழைத்துக் களைத்து உறங்குவோர் செவியில் அது விழுவதில்லை. விழித்திருப்போர் செவியில் விழுகிறது. பிறகு நோயாளி இறந்துபட்டால், பழி பறவையின்மீது ஏறிக்கொள்கிறது. சங்கப் புலவர் ஒருவருக்குக் கூகைக்கோழியார் என்றே பெயர் வழங்கியிருக்கிறது. அவர் பாட்டு புறநானூற்றில் உள்ளது. வள்ளுவரோ, காலம் அறிந்து செயல்படுதலை விளக்க, பகற்பொழுதில் காக்கை கூகையை வென்றுவிடும் என்பதை எடுத்துக்காட்டினார். அவர் கண்டதை நம் மாணவரும் கண்டனர். ஒருநாள் காலை வழிதவறி வெளியே அமர்ந்துவிட்ட கூகையைக் காக்கைகள் சூழ்ந்துகொண்டு படுத்திய பாட்டை, வகுப்பறைச் சன்னல் வழியே ஐந்தாம் ஆண்டு மாணவர் அனைவரும் பார்த்தனர். அன்று கணிதப் பாடம் நடைபெறவில்லை. நாமும் அதனைப் பெரிதுபடுத்தவில்லை.

கூகை தன் கூட்டைத் தானே கட்டுவதில்லை. மரப்பொந்து, பாழடைந்த கட்டடம், கூரையின் உட்புறம் ஆகியவற்றில்தான் முட்டையிடும். தீபகற்ப மலேசியாவில் அரிதாகவே காணப்பட்ட இப்பறவை, செம்பனைத் தோட்டங்கள் பெருகிய பின்னரே நாடெங்கும் பரவியது. 1960களின் இறுதியில்தான் அது இங்கே கூடு கொண்டதாகப் பதிவு செய்யப்பட்டது. காரணம் எளிது. செம்பனை பெருகிய இடத்தில் எலி பெருகிற்று; எலி பெருகிய இடத்திற்குக் கூகை வந்தது. இந்நாட்டுத் தோட்டங்களில் அதன் உணவு ஏறத்தாழ முழுவதும் எலியே என்று ஆராய்ந்தோர் கண்டனர். அதன்பின் பல தோட்ட நிர்வாகங்கள் தூண்களின்மீது மரப்பெட்டிகளைப் பொருத்திக் கூகைக்குக் குடியிருப்பு அமைத்துக் கொடுத்தன. ஐந்து முதல் பத்து ஹெக்டருக்கு ஒரு பெட்டி என்பது பொதுவான கணக்கு. நாம் சாவுப்பறவை என்று விரட்டுவதைத் தோட்டத்துரைமார் வீடு கட்டிக் கொடுத்து அழைக்கின்றனர்! செலவுக் கணக்குப் பார்க்காமல் அவர்கள் எதையும் செய்வதில்லை என்பதைத் தோட்ட மக்களுக்கு நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

கூகை விழுங்கிய எலியின் எலும்பும் மயிரும் செரிப்பதில்லை. அவற்றை உருண்டையாக்கி வாய்வழியே கக்கிவிடும். அந்த ஆளில்லா வீட்டின் தரையில் அத்தகைய உருண்டைகள் நிறையக் கிடந்தன. கையுறை அணிவித்து, ஐந்தாம் ஆண்டு மாணவரைக் கொண்டு அறிவியல் பாடவேளையில் அவற்றைப் பிரித்துப் பார்த்தோம். ஒரே உருண்டையில் எலி மண்டையோடுகள் இரண்டு இருந்தன. மாணவி ஒருத்தி அவற்றைத் தாளில் ஒட்டி வீட்டிற்கு எடுத்துச் சென்று தன் பாட்டியிடம் காட்டினாள். கூகையை விரட்ட வேண்டுமென்று முதலில் வந்து முறையிட்டவர் அந்தப் பாட்டிதான். அவர் பிறகு வரவில்லை. மனம் மாறிவிட்டார் என்று நாம் துணிந்து கூற மாட்டோம். வழக்கைத் திரும்பப் பெற்றுக்கொண்டார் என்று மட்டும் கூறுவோம்.

எலியால் வரும் கேடு சோற்றுப் பானையோடு நிற்பதன்று. எலியின் சிறுநீர் கலந்த நீரும் சேறும் உடற்புண் வழியே உட்புகுந்து, மலாய் மொழியில் ‘கென்சிங் திக்குஸ்’ என வழங்கும் எலிக் காய்ச்சலைத் தருகிறது. அது உயிரையும் பறிக்கவல்லது. செருப்பின்றிக் கால்வாயில் இறங்கி விளையாடும் பிள்ளைகளைப் பெற்றவர்கள் அஞ்ச வேண்டியது கூரையில் இருப்பதற்கா, கால்வாயில் ஓடுவதற்கா?

எலியைக் கொல்ல நஞ்சு இருக்கிறதே எனலாம். இருக்கிறது, அதைப் பற்றியும் சொல்ல வேண்டும். கடையில் விற்கும் எலி மருந்துகளில் பெரும்பாலானவை குருதி உறைவதைத் தடுத்துக் கொல்பவை. அவற்றைத் தின்ற எலி உடனே சாவதில்லை. சில நாள் தள்ளாடித் திரியும். தள்ளாடும் எலியே கூகைக்கு எளிதில் அகப்படும். எலியோடு நஞ்சும் அதன் வயிற்றுக்குள் போகிறது. இவ்வாறு காவற்காரனைக் கொன்றுவிட்டுக் கள்வனுக்குக் கதவைத் திறந்து வைக்கிறோம். எலியோ மூன்று வாரக் கருக்காலத்தில் குட்டிகளை ஈன்று விடுகிறது. கூகையின் குடும்பம் அவ்வளவு விரைவில் பெருகுவதில்லை. ஆதலின் எலிக்கூண்டு வையுங்கள். அரிசித் தகரத்தை மூடி வையுங்கள். எச்சில் சோற்றைக் கொல்லையில் கொட்டாதீர்கள். நஞ்சைக் கடைசி வழியாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

கூகையைப் பற்றியே நீளப் பேசிவிட்டோம். பிற குடிகளும் உளர். கறிவேப்பிலைக் கன்றில் பறவை எச்சம்போல் ஒட்டிக்கொண்டிருக்கும் சிறு புழுவைக் கண்டால் அன்னையர் உடனே நசுக்கி விடுகின்றனர். அது வளர்ந்து பச்சை நிறம் கொண்டு, பின் கூட்டுப்புழுவாகி, அழகிய வண்ணத்துப் பூச்சியாய்ப் பறக்கும். ஒரு கிளையை அதற்கு விட்டுக் கொடுத்தால் குழம்புக்குக் குறை வந்துவிடாது. இலைகளைச் சேர்த்துத் தைத்துக் கூடமைக்கும் தையற்சிட்டுக்கு அகன்ற இலையுடைய செடி ஒன்று போதும். தேன்சிட்டுக்குச் செம்பருத்தி போதும். அது நம் நாட்டின் தேசிய மலரும் ஆகும். கறுப்பும் வெள்ளையுமாய் வால் தூக்கி நின்று விடியற்காலையில் பாடும் முராய்ப் பறவைக்குப் பொந்துள்ள பட்டமரம் வேண்டும். பிடித்துக் கூண்டில் அடைப்போராலும் பிற காரணங்களாலும் அது சிங்கப்பூரில் 1970களிலும் 1980களிலும் மிகவும் அருகிப் போயிற்று. பின்னர் முயன்றே மீட்டனர். நம் லயத்தில் அது இன்னும் இலவசமாகப் பாடிக்கொண்டிருக்கிறது.

சிற்றுயிர்கள் நமக்குச் செய்யும் வேலையைத் தோட்டத்து மூத்தோர் கண்கூடாக அறிவர். செம்பனைப் பூவுக்கு மகரந்தப்பொடி தூவுவதற்கென்றே ஆட்கள் வேலை செய்த காலம் ஒன்று இருந்தது. 1981இல் ஆப்பிரிக்காவின் கேமரூன் நாட்டிலிருந்து ஒரு சிறு வண்டினத்தைக் கொண்டுவந்து விட்டபின், அவ்வேலையை வண்டே செய்யத் தொடங்கிற்று. இன்று தோட்டச் சாலையோரங்களில் நிரையாகப் பூத்து நிற்கும் செடிகளும் அழகுக்காக நட்டவை அல்ல. செம்பனை ஓலையைத் தின்னும் புழுக்களை அழிக்கும் குளவிகளுக்குத் தேன் தரவே நட்டிருக்கின்றனர். தைப்பூசத்திற்கு நாம் செல்லும் பத்துமலைக் குகைகளில் தங்கும் ஒருவகை வௌவால், இரவில் வெகுதூரம் பறந்து சென்று டுரியான் பூக்களில் தேனருந்தி மகரந்தம் சேர்க்கிறது. டுரியானை விரும்பி உண்டுவிட்டு வௌவாலை வெறுப்பது எவ்வகை நியாயமோ, அறியோம்.

இனி, அன்னையர் எழுப்பும் தடைகளுக்கு வருவோம். அவை பொருளற்றவை அல்ல. முதலாவது பாம்பு. புதர் இருந்தால் பாம்பு வரும் என்பர். நல்லபாம்பும் மலைப்பாம்பும் எலியைத் தேடியே வீட்டருகில் வருகின்றன. எனவே விட்டுவைக்கும் மூலை வேலியோரமாக, வீட்டிலிருந்து தள்ளி இருக்க வேண்டும். சமையலறைக் கதவுக்கும் அதற்கும் இடையே நிலம் வெறுமையாக, கூட்டிப் பெருக்கியதாக இருத்தல் வேண்டும். விறகையும் பழைய தகரத்தையும் சுவரோடு சாய்த்து வைத்தலே பெருங்கேடு. பாம்பு உள்ளே வந்துவிட்டால் வீரம் காட்ட வேண்டா. பொதுத் தற்காப்புப் படையினரையோ தீயணைப்பு மீட்புத் துறையினரையோ அழையுங்கள்.

இரண்டாவது கொசு. பறவைக்கென்று வைக்கும் நீர்த்தட்டில் ஏடிஸ் கொசு முட்டையிட்டால் டிங்கி வந்து சேரும். முட்டை கொசுவாக ஏறக்குறைய ஒரு வாரமே போதும். நாள்தோறும் தட்டைத் தேய்த்துக் கழுவி நீர் மாற்ற இயலாதவர் தட்டே வைக்க வேண்டா. செடி வைத்தாலே போதும். மூன்றாவது கோழி. பெருநாளுக்கென்று வளர்க்கும் கோழியை உடும்போ மரநாயோ கொண்டுபோனால் வயிறு எரியத்தான் செய்யும். அதற்கு மருந்து, மாலையில் கோழியைக் கம்பிவலைக் கூண்டில் அடைப்பது. அந்த வேலையைப் பிள்ளைகளிடம் ஒப்படைத்தால் அவர்களுக்கும் பொறுப்பு வரும்.

இன்னொன்றையும் தெளிவாகச் சொல்ல வேண்டும். இடமளிப்பது வேறு, உணவளிப்பது வேறு. குரங்குக்கு ரொட்டியும் வாழைப்பழமும் கொடுத்துப் பழக்குவோர் சிலர் உளர். அது பிறகு சன்னல் வழியே சோற்றுப் பானைக்கு வருகிறது; குழந்தையின் கையைக் கடிக்கிறது; இறுதியில் சுட்டுக் கொல்லப்படுகிறது. காக்கைக்குச் சோறு வைத்தல் நம் மரபு. அதனைக் குறை கூறோம். ஆனால் இந்நாட்டுக் காகத்தின் கதையை அறிந்திருத்தல் நலம். ஏறத்தாழ நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன், காப்பித் தோட்டத்துப் புழுக்களைத் தின்பதற்கென இலங்கையிலிருந்து கிள்ளானுக்குக் கொண்டுவரப்பட்ட இனம் அது. காப்பி போயிற்று, காகம் நின்றது. நாம் கொட்டும் எச்சிலால் பெருகி, பிற பறவைகளின் முட்டையையும் குஞ்சையும் சூறையாடுகிறது. படையல் சோறு ஒரு கவளம் போதும். குப்பை மேடு வேண்டா.

இவற்றையெல்லாம் கேட்டபின், பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் தந்தை ஒருவர் எழுந்து, “ஐயா, வீடும் நமக்குச் சொந்தமில்லை, நிலமும் நமக்குச் சொந்தமில்லை. நாளைக்குக் காலி செய் என்றால் போக வேண்டியவர்கள் நாங்கள். இதில் குருவிக்கு எங்கே இடம் கொடுப்பது?” என்றார். கூட்டத்தில் சிலர் நகைத்தனர். நமக்கு நகைப்பு வரவில்லை. தோட்டங்கள் துண்டாடப்பட்டும் கைமாறியும் எத்தனையோ குடும்பங்கள் தாம் நட்ட முருங்கையையும் மாமரத்தையும் விட்டுவிட்டு வெளியேறியதை நாம் கண்டிருக்கிறோம். அவரது சொல்லில் உள்ள வலி மெய்யானது. அதற்கு விடை நம்மிடம் முழுமையாக இல்லை.

ஆனால் ஒன்று சொல்வோம். இருக்க இடமின்றி ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்கு விரட்டப்படுவது எத்தகையது என்பதை நம்மினும் நன்கு அறிந்தவர் யார்? காடு ரப்பராயிற்று, ரப்பர் செம்பனையாயிற்று, செம்பனை தாமான் வீடுகளாகிறது. ஒவ்வொரு முறையும் நம்மோடு சேர்ந்து அவையும் வெளியேறுகின்றன. சொந்த வீடு வாங்கித் தாமானுக்குச் சென்ற நம் மக்களுள் பலர், முதல் வேலையாகப் பின்புறம் முழுவதும் சிமெண்டு பூசிவிடுகின்றனர். சேறில்லை, குப்பையில்லை என்று பெருமையும் கொள்கின்றனர். நிலம் சொந்தமில்லாதவர் இடம் கொடுக்கத் தயங்குவதை நாம் புரிந்துகொள்கிறோம். சொந்தமாக்கிக் கொண்டவர் ஒரு முழம் மண்ணைக்கூட விட்டுவைக்காததுதான் நமக்கு விளங்கவில்லை. அடுக்குமாடியில் வாழ்வோரும் இரண்டு பூந்தொட்டி வைத்தால் தேன்சிட்டு வரும்.

மாணவமணிகளுக்கு ஒரு சொல். முல்லைக்குத் தேர் ஈந்த பாரியைப் பற்றிப் பேச்சுப் போட்டியில் முழங்கிப் பரிசு பெற்றுவிட்டு, மேடையிலிருந்து இறங்கும்போதே காற்சட்டைப் பையில் உண்டிவில் துருத்திக்கொண்டிருந்தால் நடுவர் என்ன நினைப்பார்? பெயர் சொல்ல வேண்டா, உரியவருக்குத் தெரியும். பல பறவைகளைப் பிடிப்பதும் கொல்வதும் 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி குற்றம் என்பதையும் அவர் தெரிந்துகொள்ளட்டும்.

ஆளில்லா வீட்டின் கூரையில் இப்போது குஞ்சுகள் இருக்கின்றன. இரவில் சீறுவதுபோல் கேட்பது அவற்றின் பசிக்குரல்; பாம்பன்று. குஞ்சுகள் பறந்து செல்லும் வரையில் யாரும் ஏணி வைத்து ஏறுதல் கூடாது. விடுமுறையிலும் இவ்விதி பொருந்தும். கொல்லையில் நடச் செம்பருத்திக் கிளை வேண்டுவோர் பள்ளி வேலியிலிருந்து வெட்டிக்கொள்ளலாம். சனிக்கிழமை காலையில் நாம் பள்ளியில்தான் இருப்போம். கத்தி மட்டும் வீட்டிலிருந்து கொண்டு வருக.