நூல் இல்லாத பட்டங்கள்

விசுவகர்மா பூஜையன்று கரியாஹாட்டில் மொட்டை மாடி உள்ளவர்கள் யாரும் கீழே தங்குவதில்லை. செப்டம்பர் 17-ஆம் தேதியை ஒட்டி வரும் அந்த நாளில் வானம் முழுக்கப் பட்டங்கள்தான். யாருடைய பட்டமாவது நம் மாடிக் கொடியில் சிக்கினால், நூலைப் பிடித்துக்கொண்டே பார்த்தால் போதும். எந்த மாடியில் யார் கையில் லாட்டாய் இருக்கிறது என்று தெரிந்துவிடும். சண்டையும் போடலாம், சிரித்துக்கொண்டே திருப்பியும் கொடுக்கலாம்.

சென்ற பூஜையன்று அந்தக் காட்சியைப் பார்த்தபோது எனக்கு ஊரில் தனியாக இருக்கும் அக்காவின் நினைவு வந்தது. அவளுக்கு 74 வயது. மன்னார்குடிப் பக்கத்துக் கிராமத்தில் எங்கள் பூர்வீக வீட்டைக் கட்டிக் காப்பவள் அவள்தான். பின்னால் கொல்லை, கிணறு, பத்துப் பன்னிரண்டு தென்னை. சுற்றிலும் ஆள் உயரத்துக்கு வேலி. சித்திரை மாதத்தில் ஒரு நாள் கிணற்றடியில் குளித்துக்கொண்டிருந்தபோது தலைக்கு மேல் வண்டு ரீங்கரிப்பது போல ஒரு சத்தம். நிமிர்ந்து பார்த்தால், தென்னை உயரத்தில் ஒரு ட்ரோன் அசையாமல் நின்றுகொண்டிருந்தது. எங்கோ கல்யாண வீட்டு ஹெலிகேம் வழி தவறி வந்துவிட்டது என்று நினைத்து உள்ளே ஓடியிருக்கிறாள். மறுநாளும் வந்தது. மூன்றாம் நாள் கட்டுத்தறியில் இருந்த பசு மிரண்டு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடிவிட்டது.

பிறகுதான் விஷயம் தெரிந்தது. பக்கத்து வயலை மனைகளாகப் பிரித்து விற்க வந்த ஒருவர் விளம்பரத்துக்காகப் படம் பிடித்திருக்கிறார். அது வாட்ஸாப்பில் சுற்றிச் சுற்றி என் மருமகனுக்கே வந்து சேர்ந்தது. பச்சைப் பசேல் என்று எங்கள் தோப்பு; ஓரத்தில் கிணற்றடியில் ஈரப் புடவையோடு அக்கா!

"ஏண்டா தம்பி, வேலி தாண்டி வந்தா யாருடான்னு கேக்கலாம். மேல வர்றவன யார்னு கேக்கறது?" என்றாள் தொலைபேசியில். இந்தக் கேள்விக்கு என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. நம்மில் பலருக்கும் ஊரில் ஒரு வீடோ, துண்டு நிலமோ, அதைப் பார்த்துக்கொள்ளும் வயதான உறவினரோ உண்டு. ஆகவே நான் தேடித் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன்.

நிலம் நம்முடையது என்றால் அதற்கு மேலே உள்ள ஆகாசமும் நம்முடையதா? 1934-ஆம் ஆண்டின் இந்திய விமானச் சட்டம், காற்றையும் சூழ்நிலையையும் கருதி நியாயமான உயரத்தில் விமானம் பறந்தால், அந்த ஒரே காரணத்துக்காக அத்துமீறல் வழக்குப் போட முடியாது என்றது. 2025 ஜனவரி 1 முதல் அந்தச் சட்டத்தின் இடத்தில் பாரதிய வாயுயான் அதிநியம் வந்திருக்கிறது. பத்தாயிரம் அடியில் போகும் விமானத்தின் மேல் யாரும் வழக்குப் போடப் போவதில்லை. ஆனால் தென்னை உயரம் நியாயமான உயரமா?

இதே கேள்வி அமெரிக்காவில் 1946-லேயே எழுந்தது. வட கரோலினாவில் காஸ்பி என்பவருடைய கோழிப் பண்ணைக்கு மேல் ராணுவ விமானங்கள் 83 அடி உயரத்தில் பறந்தன. சத்தத்தில் மிரண்டு சுவரில் மோதிச் செத்த கோழிகள் சுமார் 150. ஆகாசம் முழுவதும் நிலக்காரருக்கே சொந்தம் என்ற பழைய கொள்கை இந்தக் காலத்துக்கு ஒவ்வாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் நிலத்தை அனுபவிக்கத் தேவையான அளவு மேல்வெளி அவருக்கு உரியதே என்றும் சொல்லி, நஷ்ட ஈடு பெறும் உரிமை உண்டு என்று தீர்ப்பளித்தது.

நம் நாட்டில் ட்ரோன் விதிகள் 2021 ஆகஸ்ட் 25 அன்று வெளியாயின. ஆகாசத்தைச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரித்தார்கள். பச்சைப் பகுதியில் 400 அடி வரை பறக்க முன் அனுமதி வேண்டாம். நம் கிராமங்களில் பெரும்பாலானவை பச்சைதான். கீழே இருக்கும் நிலக்காரரைக் கேட்க வேண்டும் என்று அந்த விதிகள் எங்கும் சொல்லவில்லை. 2018 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த முந்தைய விதிமுறையில், பிறர் அந்தரங்கத்துக்குப் பங்கம் வராமல் பார்த்துக்கொள்வது இயக்குபவரின் பொறுப்பு என்று ஒரு வரி இருந்தது. 2021-ல் அது காணாமல் போயிற்று. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் புட்டசாமி வழக்கில் தீர்ப்பளித்த பிறகு, நான்கு ஆண்டும் ஒரு நாளும் கழித்து வந்த விதிகள் இவை!

பாரதிய நியாய சன்ஹிதாவின் 77-ஆவது பிரிவு, குளியலறை போன்ற இடத்தில் தனித்திருக்கும் பெண்ணை ஒளிந்து படம் எடுப்பதையும் பரப்புவதையும் குற்றமாக்குகிறது. ஆனால் திறந்த கிணற்றடி அதற்குள் அடங்குமா என்பதில் வக்கீல்கள் வாதாடிக்கொண்டே இருக்கலாம்.

ட்ரோனே கூடாது என்று நான் சொல்லவில்லை. மருந்து தெளிக்க ஆள் கிடைக்காத காலத்தில் அது விவசாயிக்குக் கைகொடுக்கிறது. கிராம வீடுகளுக்குச் சொத்து அட்டை தரும் சுவாமித்வா திட்டம் 2020-ல் தொடங்கியதும் ட்ரோன் அளவையை நம்பித்தான். சுய உதவிக் குழுப் பெண்கள் 15,000 குழுக்களுக்கு ட்ரோன் கொடுக்க 2023-ல் மத்திய அரசு திட்டம் வகுத்தது. பிழைப்புக்கு வழி செய்யும் கருவியை வெறுப்பது நியாயமல்ல.

'கூகுள்காரன் ஏற்கெனவே எல்லாவற்றையும் பார்த்துவிட்டானே, சார்' என்றார் நம் சங்க நண்பர் ஒருவர். செயற்கைக்கோள் யார் கொல்லையிலும் நின்று பார்ப்பதில்லை, பசுவையும் மிரட்டுவதில்லை.

ஆத்திரப்பட்டு அடித்து வீழ்த்தலாமா? என் மருமகன் கவண்கல்லைத் தேடினான். 2024 பிப்ரவரியில் பஞ்சாப்-ஹரியானா எல்லையில் ஷம்புவில், கண்ணீர்ப்புகைக் குண்டு போட்ட போலீஸ் ட்ரோன்களைச் சிக்கவைக்க விவசாயிகள் பட்டம் விட்டதை நாடே பார்த்தது. படிக்கச் சுவையாக இருக்கும். ஆனால் நம் வீட்டில் அது வேண்டாம். பிறர் பொருளைச் சேதப்படுத்திய வழக்கு நம் மேல் திரும்பும். விழுகிற ட்ரோன் யார் தலையில் விழும், அதன் பேட்டரி எந்த வைக்கோற்போரில் தீ வைக்கும் என்று சொல்ல முடியாது.

வேறு என்ன செய்யலாம்? நாள், நேரம், எவ்வளவு நேரம் நின்றது என்று குறித்துக்கொள்ளுங்கள். செல்போனில் படம் எடுங்கள். இயக்குபவர் பெரும்பாலும் கூப்பிடு தூரத்தில்தான் நிற்பார். ஆளை அனுப்பி மரியாதையாகக் கேளுங்கள். பதில் இல்லையென்றால் காவல் நிலையத்தில் எழுத்து மூலம் புகார் கொடுத்து ரசீது வாங்குங்கள். தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு நாள் கிராம சபை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ஊருக்குள் ட்ரோன் விடுகிறவர் தம் பெயரையும் ட்ரோனின் பதிவு எண்ணையும் முதல் நாளே ஊராட்சி அலுவலகத்தில் எழுதிவைக்க வேண்டும் என்று அங்கே ஒரு தீர்மானம் கொண்டுவரலாம். ஆகாசத்தை ஆளும் அதிகாரம் ஊராட்சிக்குக் கிடையாது. ஆனாலும் ஊரே கேட்டால் மறுப்பது கடினம்.

நான் அரசிடம் எதிர்பார்ப்பதும் அவ்வளவுதான். 2025 செப்டம்பரில் புதிய ட்ரோன் மசோதாவின் வரைவை வெளியிட்டுக் கருத்துக் கேட்டார்கள். 2021-ல் காணாமல் போன அந்த வரி சட்டத்தில் திரும்ப வர வேண்டும். பதிவு எண் ஏதோ ஒரு கம்ப்யூட்டருக்குள் இருந்தால் போதாது. கீழே நிற்கும் கிழவி கேட்டால் யாருடையது என்று சொல்ல ஊரில் ஓர் ஆள் வேண்டும். பட்டத்துக்கு நூல் எப்படியோ, ட்ரோனுக்கு அந்த எண் அப்படி. நூலின் மறுமுனை நமக்குத் தெரிய வேண்டும்.

இதைச் சொல்லும்போது என் தவற்றையும் சொல்லிவிட வேண்டும். மூன்று வருஷத்துக்கு முன் என் மகள் கல்யாணத்தை அதே கிராமத்தில் நடத்தினோம். ஹெலிகேம் வேண்டும் என்று பணம் கொடுத்தவன் நான். அது தெரு முழுவதையும் சுற்றி வந்தது. எந்தெந்த வீட்டுக் கொல்லையை எட்டிப் பார்த்ததோ, ஒருவரிடமும் நான் அனுமதி கேட்கவில்லை. அந்தப் படத்தைக் கரியாஹாட்டுக்குக் கொண்டுவந்து நண்பர்களுக்கெல்லாம் பெருமையாகப் போட்டுக் காட்டினேன். நம் வீட்டு விசேஷங்களுக்கு ட்ரோன் வைக்கும் அன்பர்கள், முதல் நாள் நாலு வீட்டுக்குச் சென்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வாருங்கள். வெற்றிலை பாக்கு வைத்து அழைக்கப் போகிற வீடுகள்தானே!

அக்கா இப்போது கிணற்றடிக்கு மேலே தென்னங்கீற்று வேய்ந்திருக்கிறாள். கீற்றுக்கும் கூலிக்கும் நான்தான் பணம் அனுப்பினேன். "வெயில் படாம பாசி புடிக்குதுடா" என்று குறைப்பட்டுக்கொள்கிறாள். பாசியில் அவள் வழுக்கி விழுந்துவிடக் கூடாதே என்பதுதான் இப்போது என் கவலை.