நேர்காணல் மதிப்பெண்: காத்திருப்போர் கேட்க வேண்டிய கேள்வி

பேளுக்குறிச்சியைச் சேர்ந்த ஒரு தலித் மாணவர், முனைவர் பட்ட நேர்காணலை முடித்து முடிவுக்காகக் காத்திருக்கிறார் என்று கொள்வோம். எழுத்துத் தேர்வில் அவருடைய விடைத்தாள் மட்டுமே பேசியது. நேர்காணலிலோ அவருடைய ஆங்கிலமும் ஊரும் குடும்பப் பின்னணியும் சேர்த்தே எடைபோடப்பட்டிருக்கலாம்.

ஸ்ரீநகர் மண்டலப் பொறியியல் கல்லூரி, 150 மதிப்பெண்களில் 50ஐ நேர்காணலுக்கு ஒதுக்கியிருந்தது. அதை எதிர்த்த அஜய் ஹாசியா வழக்கில், 15 விழுக்காட்டை மீறுவது தன்னிச்சையானது என்று 1980இல் உச்ச நீதிமன்றம் கூறியது. ஆயினும் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2016ஆம் ஆண்டு விதிகள், எழுத்துத் தேர்வை வெறும் தகுதித் தேர்வாக்கி, ஆய்வு மாணவர் சேர்க்கையை நேர்காணலிடம் ஒப்படைத்தன. நேர்காணலில் சமத்துவம் மறுக்கப்படுவதைக் குறித்து எழுதிய ஜேஎன்யு ஆய்வு மாணவர், சேலம் முத்துகிருஷ்ணன், 2017 மார்ச்சில் இறந்தார். 2018இல் டெல்லி உயர் நீதிமன்றம் அவ்விதியை நீக்கியது.

2022ஆம் ஆண்டு விதிகளின்படி இன்று நேர்காணலின் பங்கு 30 விழுக்காடு. இதுவும் அந்த 15இன் இரு மடங்கே.

ஆகவே முடிவு வந்ததும் இரு மதிப்பெண்களையும் தனித்தனியே கேளுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி 30 நாட்களுக்குள் பதில் தரப்பட வேண்டும். எழுத்தில் உயர்ந்து நேர்காணலில் மட்டும் சரியும் எண்கள் பலரிடமும் காணப்பட்டால், அது தனிமனிதத் தோல்வியன்று. நீதிமன்றத்தில் வைக்கத்தக்க சான்று.